கத்திரி வெயிலில் ரெண்டர்: கேபினட் ஃபேன்களை மாற்றி அடுக்கிய அனுபவம்

மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு வேலை குவிகிற மாதமும் வெயில் கொளுத்துகிற மாதமும் ஒன்றுதான். சித்திரைக் கடைசியில் தொடங்கும் கத்திரி, வைகாசி பாதிவரை போகும். அதே வைகாசியில்தான் முகூர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கும். என் எடிட்டிங் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் முழுக்க வெயில் வாங்கிய தளம் ராத்திரி பதினொரு மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் அறைக்குள் 36, 37 டிகிரி என்பது சாதாரணம். எடிட் முடித்ததை முழு வீடியோவாக மாற்றும் ரெண்டர் வேலையை ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் முடிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே போன் செய்துவிடுவார்கள். அதனால் கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் காற்று எப்படிப் போகிறது என்பதில் எனக்கு அக்கறை அதிகம்.

என் மெஷினில் இருப்பது ரைசன் 7 5700எக்ஸ் பிராசஸரும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும். பிராசஸரின் டிடிபி (எவ்வளவு சூட்டுக்குக் கூலர் வேண்டும் என்று கம்பெனி சொல்லும் அளவு) 65 வாட், கார்டின் பவர் லிமிட் (அது இழுக்கக்கூடிய அதிகபட்ச மின்சாரம்) 170 வாட். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில், படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்ட நீளமான 4கே டைம்லைன் ஒன்றை ரெண்டருக்கு விட்டால் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 250 வாட் இழுக்கும். அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு கேபினட்டை விட்டு வெளியேறக் காற்று ஒன்றுதான் வழி.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட் அது. கடையில் அசெம்பிள் செய்தபோதே முன்னால் மூன்று 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். கார்த்திகை, மார்கழியில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. கோடை வந்ததும் கார்டு 86 டிகிரியில் போய் நின்றது. பிராசஸர் 88-ஐத் தொட்டது. 5700எக்ஸுக்கு உச்ச வரம்பே 90 டிகிரிதான். 3060 வகைக் கார்டுகள் 83 டிகிரியைத் தாண்டினாலே மெல்ல வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். ரெண்டர் நேரம் நீண்டுகொண்டே போனது, கார்டின் ஃபேன் சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது. கடையில் விசாரித்தால், “அண்ணே, மேல ரெண்டு ஃபேன் போட்டுடலாம், சரியாப் போயிடும்” என்றார்கள். யாரிடம் கேட்டாலும் கிடைக்கும் பதில் இதுதான். ஃபேன் வாங்குவதற்கு முன்னால், இருக்கிற காற்று எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உள்ளே வரும் காற்றைவிட வெளியே போகும் காற்று 10 டிகிரி மட்டும் கூடுதல் சூட்டோடு போய், 250 வாட்டையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றால், நிமிடத்துக்குச் சுமார் 45 கன அடி காற்று ஓடினால் போதும். ஃபேன் அட்டைப்பெட்டியில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பது இந்தக் கன அடிதான். காற்றை இரட்டிப்பாக்கி 90 சிஎஃப்எம் ஓடவிட்டால் அந்த 10 டிகிரி, 5 ஆகும். மறுபடி இரட்டிப்பாக்கி 180 ஆக்கினால் இரண்டரை ஆகும். முதல் இரட்டிப்பில் 5 டிகிரி மிச்சம், அடுத்ததில் இரண்டரை மட்டும்தான். ஏழு, எட்டு ஃபேன் என்று அடுக்கிக்கொண்டே போவதில் ஏன் பலன் தெரிவதில்லை என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

சாதாரண 120 மி.மீ. ஃபேன் பெட்டியிலேயே 50, 60 சிஎஃப்எம் என்று போட்டிருக்கிறதே, ஒன்று போதாதா என்று கேட்கலாம். அந்த எண் முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் சுழலும்போது அளந்தது. அதே பெட்டியில் ஸ்டேட்டிக் பிரஷர் என்று இன்னொரு எண் இருக்கும். அது காற்றோட்டத்தை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது. கேபினட்டுக்குள் மாட்டிய ஃபேன் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ வேலை செய்கிறது. முன்னால் எவ்வளவு தடை இருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று குறையும். கண்ணாடி முகப்பு, அதன் ஓரத்தில் விரல் நுழையாத சந்து, அதற்குப் பின்னால் நெருக்கமான ஃபில்டர் என்று இருந்தால் மூன்று ஃபேன் சேர்ந்தும் ஒரு ஃபேன் அளவுக்குக்கூடக் காற்று இழுக்காமல் போகலாம்.

அளக்கும் முறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் குழம்பிப் போகிறார்கள். நேற்று ராத்திரி கார்டு 78 காட்டியது, இன்று மத்தியானம் 83 காட்டுகிறது, ஃபேனை மாற்றியதில் மோசமாகிவிட்டது என்பார்கள். நடுவில் அறையே 5 டிகிரி ஏறியிருக்கும். எப்போதும் அறை வெப்பத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அறை 36, கார்டு 86 என்றால் என் கணக்கில் அது 50. மீன் தொட்டிக்கு வாங்குவார்களே, ஒயர் நுனியில் சென்சார் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர், அது ஒன்று போதும். உள்ளே இருக்கும் வெப்பத்தை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். ஒவ்வொரு முறையும் அதே புராஜெக்டை, அதே செட்டிங்கில், அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கேபினட்டின் தகடுகளும், சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் உலோகமும் சூடேறி ஒரு நிலைக்கு வரவே இருபது நிமிடம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் தப்பாகத்தான் போகும்.

செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டிப் பாருங்கள். வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி மட்டும் இறங்கினால் கேபினட்மேல் பழியில்லை. ஹீட்சிங்க்கில் தூசி, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், சரியாக உட்காராத கூலர் என்று தேட வேண்டும். பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினட் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். என்னுடையதில் 12 டிகிரி இறங்கியது. பிறகு பக்கவாட்டுக் கண்ணாடியை மாட்டிவிட்டு முன்பக்கத்தை மட்டும் கழற்றி ஓட்டினேன். 8 டிகிரி இறங்கியது. ஆக, கோளாறில் பெரும்பங்கு முகப்பில்தான் இருந்தது. மேலே ரெண்டு ஃபேன் போட்டிருந்தால் இது அப்படியே இருந்திருக்கும்.

(பக்கவாட்டைக் கழற்றியே வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பவர்கள் நிறையப் பேர். அவசரத்துக்குச் சரி. ஆனால் நம் வீடுகளில் திறந்து கிடக்கும் கேபினட்டுக்குள் பல்லி குடியேறும், எறும்பு வரும், தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி செத்துக் கிடந்து போர்டோடு போன மெஷினை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.)

அடுத்து தெர்மாமீட்டரின் சென்சாரை முன்பக்க ஃபேன் காற்றை இழுக்கும் இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். சுவரில் மாட்டிய இன்னொரு தெர்மாமீட்டரில் அறை வெப்பம் 36. ரெண்டர் ஓடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் முன்பக்கம் 38 ஆனது, அரை மணியில் 41. கேபினட் இழுத்துக்கொண்டிருந்த காற்றே அறையைவிட 5 டிகிரி சூடாக இருந்தது. காரணம் கம்ப்யூட்டர் டேபிள். கீழ்ப்பக்கம் கேபினட் வைப்பதற்கென்று மூன்று பக்கமும் பலகை அடைத்த அறை வைத்துச் செய்த மேசை அது. பின்னால் தள்ளிய சூடான காற்று சுவரில் மோதி, பலகைக்கும் கேபினட்டுக்கும் நடுவில் இருந்த சந்து வழியே முன்னுக்கு வந்து, அப்படியே மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. எத்தனை நல்ல ஃபேன் போட்டாலும் இதற்கு மருந்தில்லை. கேபினட்டை வெளியே எடுத்து, சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். இந்த ஒரு காரியத்தில் எல்லாமே 4, 5 டிகிரி இறங்கிவிட்டது, பைசா செலவில்லாமல். நம்மூரில் பாதிப் பேர் வீட்டில் இந்த மாதிரி மேசைதான் இருக்கிறது. ஃபேனைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் மேசையைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முகப்புக்கு வந்தேன். கண்ணாடியை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அலுமினியக் கொசுவலையை இழுத்துக் கட்டினேன். கண்ணாடி வழியே தெரிந்த விளக்கு அழகு போயிற்று, அதில் எனக்கு வருத்தமில்லை. கேபினட் புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, முகப்பு முழுக்க வலையாக இருப்பதை மட்டும் வாங்குங்கள். விளக்குச் சோதனை ஒன்று போதும்: போன் டார்ச்சை முகப்புக்குப் பின்னால் பிடித்தால் முன்னால் வெளிச்சம் தாராளமாகத் தெரிய வேண்டும். வெளிச்சம் வர வழியில்லை என்றால் காற்று வரவும் வழியில்லை.

இனி ஃபேன்களை எங்கே மாட்டுவது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலில் நின்றால் முற்றம் தாண்டிக் கொல்லைப்புறக் கதவுவரை நேராகத் தெரியும். வாசலில் நுழைந்த காற்று வீட்டையெல்லாம் கடந்து கொல்லை வழியே போய்விடும். கேபினட்டுக்கும் அப்படி ஒரு நேர்வழி வேண்டும். முன்னால் நுழைந்து, கார்டையும் பிராசஸர் கூலரையும் தொட்டுவிட்டு, பின்னால் போக வேண்டும். நடுவில் எங்கும் சுழன்று நிற்கக் கூடாது, குறுக்கு வழியில் தப்பிவிடவும் கூடாது.

என் கேபினட்டில் முன்பக்க மூன்று ஃபேனில் கீழே உள்ள ஒன்று கிட்டத்தட்ட வீணாகச் சுழன்றுகொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை மூடி ஒரு தகடு வருமே, அடித்தளத்தில் நீளவாக்கில், அந்தக் கீழ் ஃபேன் அந்தத் தகட்டுக்குக் கீழேதான் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கார்டு இருப்பது தகட்டுக்கு மேலே. உட்கார்ந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம், ஆனால் கேபினட்டை நிமிர்ந்த நிலையில் பார்க்கும் யாருக்கும் கண்ணில் படாது. முன்பக்கத்தில் 140 மி.மீ. ஃபேனுக்கும் திருகு ஓட்டைகள் இருந்தன. மூன்று 120-ஐயும் கழற்றிவிட்டு இரண்டு 140-ஐ மேல்தள்ளி மாட்டினேன். கீழ் ஃபேனின் அடிவிளிம்பு எஸ்எம்பிஎஸ் தகட்டின் மட்டத்துக்கு வந்தது. இப்போது அது ஊதும் காற்று நேராகக் கார்டின் அடிவயிற்றுக்குப் போகிறது. கார்டின் ஃபேன்கள் கீழிருந்துதான் காற்றை இழுக்கின்றன, அதனால் அந்த இடத்துக்குக் குளிர்ந்த காற்று போய்ச் சேர்வதுதான் முக்கியம். மேல் ஃபேன் பிராசஸர் கூலருக்கு நேராக நிற்கிறது. கூலரின் ஃபேன் அதே திசையில் பின்னுக்குத் தள்ளுகிறது, அதற்கு நேர் பின்னால் வெளியேற்றும் ஃபேன்.

ஃபேனின் திசை தெரியாதவர்களுக்கு: நடுவில் மோட்டாரைத் தாங்கி நாலு கம்பிகள் போகும் பக்கம், பெரும்பாலும் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம், அதுதான் காற்று வெளியேறும் பக்கம். இறக்கைகள் திறந்து தெரியும் பக்கம் உள்ளிழுக்கும். இப்போது அழகுக்காக இறக்கையைத் திருப்பிச் செய்த ரிவர்ஸ் ஃபேன்களும் கடைகளில் வருகின்றன, அவற்றில் இந்த அடையாளம் நேர்மாறாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைக் காட்டிப் பார்த்துவிடுங்கள்.

மேல்பக்க ஃபேன் விஷயத்துக்கு ஊதுபத்தி உதவியது. பக்கவாட்டுக் கண்ணாடியை மாட்டி, ஃபேன்களை எல்லாம் ஓடவிட்டு, பற்றவைத்த ஊதுபத்தியை முன்பக்க வலையிலிருந்து நாலு விரல்கடை தள்ளிப் பிடித்தேன். சாம்பல் உள்ளே போகாதபடி நுனியைத் தட்டிவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அறையில் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு விளக்கைக் கேபினட்டுக்குப் பின்னாலிருந்து காட்டினால் கண்ணாடி வழியே புகை இழை இழையாகத் தெரியும். சோதனைக்காக மேல்பக்கத்தில் முன்னோரமாக ஒரு ஃபேனை வெளியேற்றும் திசையில் மாட்டியிருந்தேன். முன்பக்க மேல் ஃபேன் வழியாக நுழைந்த புகை, கூலரை எட்டும் முன்பே வளைந்து மேலே ஏறி அந்த ஃபேன் வழியாகப் போய்விட்டது. கொஞ்சம்தான் கூலரைத் தொட்டது. அந்த ஃபேனை அப்படியே பின்னோரத்துக்கு, கூலரைத் தாண்டிய இடத்துக்கு நகர்த்தியதும் புகை நேராகக் கூலருக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து, பாதி பின்னாலும் பாதி மேலேயும் போயிற்று. முன்னோர ஓட்டைகளை ஓஹெச்பி ஷீட் என்ற பிளாஸ்டிக் தாளை வெட்டி மூடிவிட்டேன். ஒரே ஃபேன், இடம் மட்டும் மாறியது, பிராசஸர் 4 டிகிரி இறங்கியது.

சூடான காற்று மேலேதான் போகும், அதனால் மேலே நிறைய ஃபேன் வேண்டும் என்று சொல்வார்கள். சூடான காற்று மேலே போகும் என்பது உண்மை. ஆனால் அந்த இயல்பான வேகம் ஃபேன் தள்ளும் வேகத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. ஃபேன் ஓடும் கேபினட்டில் ஃபேன் சொல்வதைத்தான் காற்று கேட்கும்.

வெளியேற்றுவதை அதிகம் வைப்பதா, உள்ளிழுப்பதை அதிகம் வைப்பதா என்ற கேள்விக்கு எங்கள் ஊர்த் தூசியே பதில் சொல்லிவிடுகிறது. வெளியேற்றம் அதிகமானால் கேபினட்டுக்குள் காற்றழுத்தம் குறையும். அதைச் சரிக்கட்டக் கார்டு ஸ்லாட் சந்துகள், யுஎஸ்பி ஓட்டை, பின்தகட்டு இடுக்கு எல்லாவற்றிலும் வெளிக்காற்று நுழையும். அங்கெல்லாம் ஃபில்டர் கிடையாது. உள்ளிழுப்பது சற்றுத் தூக்கலாக இருந்தால் அதே சந்துகள் வழியே காற்று வெளியேதான் கசியும், தூசி ஃபில்டரோடு நின்றுவிடும். என்னுடையதில் உள்ளே வருவது இரண்டு 140, வெளியே போவது இரண்டு 120. மேல் ஃபேனை மெதுவாகவே ஓடவிடுகிறேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஃபில்டரில் தூசி அடைக்க அடைக்க உள்ளே வரும் காற்று குறைந்துகொண்டே போகும், வெளியே போவது குறையாது. ஒரு கட்டத்தில் நாம் எதையும் மாற்றாமலேயே அழுத்தம் தலைகீழாகிவிடும். சாலையோரத்து வீடு என்றால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முன் ஃபில்டரைத் தட்டிக் கழுவிவிடுவது நல்லது. புளோயர் வைத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதுகிற வேகத்தில் அளவுக்கு மேல் சுழன்றால் பேரிங் கெட்டுப் போகும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ராத்திரி அதே அறையில் படுப்பவன் என்ற முறையில். ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும், அது இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். அதே சத்தமுள்ள இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் 3 டெசிபல் மட்டும்தான் கூடும். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். பெரிய ஃபேன், குறைந்த வேகம் என்பதுதான் என் வழி. 140 மி.மீ. ஃபேன் 800 ஆர்பிஎம்மில் ஓடுவது சீலிங் ஃபேன் சத்தத்தில் காதில் விழுவதேயில்லை.

வேகத்தை எதை வைத்து ஏற்றி இறக்குவது என்பதில் நிறையப் பேர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் பொதுவாக கேபினட் ஃபேன்கள் பிராசஸரின் வெப்பத்தைப் பார்த்துத்தான் ஓடும். பிராசஸர் வெப்பமோ ஒரு விண்டோ திறந்தால்கூட நொடியில் 15 டிகிரி குதித்து இறங்கும். ஃபேனும் கூடவே உறுமி அடங்கும். அதேசமயம் கார்டு மட்டும் முழுமூச்சில் ரெண்டர் செய்யும்போது பிராசஸர் அமைதியாக இருந்தால் கேபினட் ஃபேன்கள் தூங்கிக்கொண்டிருக்கும். ஃபேன்கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் முன்பக்க ஃபேன்களைக் கார்டின் வெப்பத்தோடு இணைத்துவிட்டேன். 50 டிகிரிவரை 40 சதவீதம், 75-ல் 80 சதவீதம், நடுவில் சாய்வாக ஏறும். ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் சில நொடி தாமதம் வைத்ததும் உறுமல் நின்றது. மென்பொருள் வேண்டாம் என்பவர்கள் பயாஸிலேயே சென்சாரை மதர்போர்டு வெப்பத்துக்கு மாற்றலாம், அது நிதானமாக ஏறி இறங்கும்.

ஒயர் மாட்டுவதில் மூன்று எச்சரிக்கை. மூன்று பின் ஃபேன் வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகம் மாறுவது, நான்கு பின் ஃபேன் பிடபிள்யூஎம் என்ற துடிப்புச் சிக்னலால் மாறுவது. பயாஸில் அதற்கேற்ற மோட் போடாவிட்டால் மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். மதர்போர்டில் ஃபேன் ஒயரை மாட்டும் ஒரு ஹெடர் பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். ஸ்பிளிட்டர் போட்டு நாலைந்து ஃபேனை ஒரே ஹெடரில் மாட்டும் முன் ஒவ்வொரு ஃபேனின் ஸ்டிக்கரிலும் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். கூடினால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஹப் வாங்குங்கள். இன்னொன்று, விளக்கு வைத்த ஃபேன்கள். ஏஆர்ஜிபி என்பது 5 வோல்ட், பழைய ஆர்ஜிபி என்பது 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இணைப்பில் மாட்டினால் விளக்கு அத்தனையும் கருகிவிடும்.

ஃபேன்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். அங்கே போகிறவர்கள் விளக்கைப் பார்க்காமல் பேரிங்கைப் பாருங்கள். மலிவான ஸ்லீவ் பேரிங் ஃபேன் முன்னாலோ பின்னாலோ நிமிர்ந்து நின்றால் சமாளிக்கும். மேல்பக்கத்தில் படுக்கைவாட்டில் மாட்டினால் சீக்கிரம் தேய்ந்து கரகரக்கும், நம் சூட்டில் இன்னும் சீக்கிரம். மேலே மாட்டுவதற்காவது ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கோ பால் பேரிங்கோ உள்ளதாக எடுங்கள்.

எல்லாம் முடிந்து அடுத்த கத்திரியில் அதே அறை, அதே 36 டிகிரி, அதே வகை ரெண்டர். கார்டு 72, பிராசஸர் 76. இதற்கு மேல் ஒரு படி உண்டு. கார்டின் பவர் லிமிட்டை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் 85 சதவீதமாக்கினேன். 170 வாட் 145-க்கு வந்தது. ரெண்டர் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, இன்னும் 4 டிகிரி இறங்கியது. உண்டாகாத சூட்டை வெளியேற்ற ஃபேனும் தேவையில்லை. கோடைக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, ஐப்பசி மழை தொடங்கியதும் பழையபடி ஆக்கிவிடுகிறேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தேனியிலிருந்து எடிட்டர் தம்பி ஒருவர் தன் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். சின்ன கேபினட், அதில் 240 மி.மீ. ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர் (பிராசஸரின் சூட்டைப் பம்ப் தள்ளும் திரவம் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றும்), ரேடியேட்டரை அடித்தளத்தில் மாட்டியிருந்தார்கள். “அண்ணே, ஆன் பண்ணினதும் களக் களக்னு தண்ணிச் சத்தம் கேக்குது, கார்டும் கொதிக்குது” என்றார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. லிக்விட் கூலரில் சிக்கியிருக்கும் காற்று எப்போதும் உயரமான இடத்தில் போய்ச் சேரும். ரேடியேட்டர் கீழே இருந்ததால் பம்ப்தான் உயரமான இடம். காற்றுக்குமிழி அதற்குள் போய்ச் சத்தம் போட்டது, இப்படியே விட்டால் பம்ப்பின் ஆயுளும் குறையும். கார்டுக்கோ, ரேடியேட்டர் வழியே வந்த சூடான காற்றுதான் கிடைத்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டரை மேல்பக்கத்துக்கு ஏற்றி வெளியேற்றும் திசையில் ஃபேனைத் திருப்பினோம், முன்பக்கத்தில் இரண்டு ஃபேனும் அடியில் ஒன்றும் உள்ளிழுக்கும்படி வைத்தோம். சத்தம் அன்றைக்கே நின்றுவிட்டது. ரேடியேட்டர் இப்போது கேபினட்டின் சூடான காற்றில் வேலை செய்வதால் பிராசஸர் 3 டிகிரி ஏறியது, கார்டு 9 டிகிரி இறங்கியது. அவருக்கு முக்கால்வாசி வேலை கார்டில்தான் ஓடுகிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டோம்.